ஒரே அடுப்பில் இரண்டு உலை

பூவம்மாவுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது கூலி லயத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கத்திரிக்காய் தின்றால் அவளுக்கு உள்ளங்கை அரிக்கும். இறால் தின்றால் மறுநாள் கழுத்தெல்லாம் தடித்துப் போகும். அன்னாசிப்பழம் வெறும் வயிற்றில் ஆகாது, சோற்றுக்குப் பிறகு என்றால் ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. புதிதாக எதையாவது தின்றால் இரண்டு நாள் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆகாது என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், கல்யாணப் பந்தியாக இருந்தாலும் இலையில் ஒதுக்கிவிடுவாள்.

"இன்னிக்கி உன் வயிறு என்னா உத்தரவு போட்டிருக்கு பூவு?" என்று அவள் புருஷன் துரைசாமி கேலி செய்வான். வேலை விட்டு வந்து காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டே கேட்பான்.

"முருங்கைக் கீரை தின்னச் சொல்லுது. போய்ப் பறிச்சிட்டு வாங்க" என்பாள் அவள்.

அவனும் சிரித்துக்கொண்டே போவான். துரைசாமி அப்போது சாலை போடும் கூலி. ஜாலான் புசார் சாலைக்குப் பின்னால், சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் கூலிகளுக்கு வரிசை வீடுகளாக லயம் கட்டியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை படியரிசி அளந்து போடுவார்கள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. தடித்த, பழுப்பேறிய அரிசி. மூட்டையைப் பிரிக்கும்போதே ஊறவைத்து அவித்த வாடை மூக்கில் ஏறும். அந்தச் சோற்றையும் கீரையையும் பயற்றையும் தின்றுதான் 1905ஆம் வருஷம் பூவம்மா தலைப்பிள்ளையைப் பெற்றாள். பெண் குழந்தை. வள்ளிக்கண்ணு என்று பெயர் வைத்தார்கள். பத்தியம் பார்க்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. பன்னிரண்டாம் நாளே எழுந்து எல்லாரும் சாப்பிடுவதைத் தானும் சாப்பிட்டாள். குழந்தை பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தது.

மறு வருஷம் துரைசாமியை மண்டோர் ஆக்கினார்கள். இருபது கூலிகளுக்கு மேலாள். தலைக்குத் தொப்பி, கையில் குடை. மண்டோர் லயத்தில் இருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் இருக்க அவனுக்கு மனம் வரவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறை பார்த்தான். கீழே ஹனீபா என்ற நாகூர்க்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்கட்டில் அவரும் அவர் மனைவி ரபியாவும் குடியிருந்தார்கள்.

குடிவந்த முதல் நாளே துரைசாமி ஒரு மூட்டை அரிசியைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றினான். அவிழ்த்துக் காட்டினான். சயாம் பச்சரிசி. இயந்திரத்தில் தீட்டித் தீட்டி, முத்துப்போல வெளுத்திருந்தது. வாடையே இல்லை.

"எப்டி இருக்கு பாரு. இனிமே நம்ம வூட்ல இதான். அந்த நாத்தம் புடிச்ச கூலிச் சோறு வேணாம்."

பூவம்மா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. பொங்கியதும் மல்லிகைப்பூவாட்டம் மலர்ந்தது. அன்று அவன் மூன்று முறை சோறு போடச் சொல்லி வாங்கி உண்டதைப் பார்த்து அவளுக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த வருஷம் மாசி மாதம் அவள் மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் காலில் ஏதோ மாற்றம் தெரிந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. பிறகு எரிச்சல். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வள்ளிக்கண்ணைச் சுமந்தபோது இப்படி இல்லையே என்று யோசித்தாள். என்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். வீடு மாறியிருக்கிறது. தண்ணீர் மாறியிருக்கிறது. அரிசி மாறியிருக்கிறது.

"ஏங்க, காலு எரியுது, வீங்குது. இந்த அரிசி எனக்கு ஆகலையோன்னு தோணுது" என்றாள் ஒரு நாள்.

துரைசாமி சிரித்தான். "ஊரே இந்த அரிசியத்தான் திங்குது. சீனத் தவுக்கே, அம்மாம் பெரிய மொதலாளி, அதான் திங்குறாரு. உனக்கு மட்டும் ஆகலியா? புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னான். அவளுக்கு நல்ல சோறு போடுகிறோம் என்ற நிறைவு அவன் முகத்தில் இருந்தது. பூவம்மா அந்த அரிசியையே களைந்து உலையில் போட்டாள்.

பையன் பிறந்தான். மண்டோர் வீட்டுப் பிரசவம் என்பதால் இந்த முறை முறையாகப் பத்தியம் பார்க்க வேண்டும் என்று துரைசாமி சொல்லிவிட்டான். பாக்கியலட்சுமி என்ற மருத்துவச்சியை அழைத்து வந்தான். அவள் கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள், கெட்ட எண்ணம் கொண்டவளும் இல்லை. கீரை குளிர்ச்சி, பருப்பு வாயு, பழம் மாந்தம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வெள்ளைச் சோறு, மிளகு, பூண்டு, சுட்ட கருவாடு. இதுதான் நாற்பது நாளைக்கு.

இருபதாம் நாளிலேயே பூவம்மாவால் சரியாக எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு மத்தியானம் ரபியா பாசிப்பயறு போட்டுக் கடைந்த கீரையை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்து வந்தாள். கண்ணால் பார்த்ததும் பூவம்மாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. வெறும் ஆசை அல்ல அது. உடம்பே கை நீட்டிக் கேட்டதுபோல இருந்தது. மளமளவென்று தின்றாள். நான்கைந்து நாள் அப்படி ரபியா கொண்டுவந்தாள், இவளும் யாருக்கும் சொல்லாமல் தின்றாள். காலில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை ஒரு நாள் குடித்த பாலை எல்லாம் கக்கியது. பிள்ளைகள் கக்குவது புதிதல்ல. ஆனால் பாக்கியலட்சுமி பூவம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எதத் தின்ன? உண்மையச் சொல்லு."

பூவம்மா சொல்லிவிட்டாள்.

"அட பாவி! உன் நாக்கு ருசிக்குப் புள்ளையக் கொல்லப் பாக்குறியா?"

துரைசாமி கதவருகில் நின்றிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பார்வையே போதுமாக இருந்தது. பூவம்மா குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, இனிமேல் தொட மாட்டேன் என்று அதன் தலையில் கைவைத்துச் சொன்னாள். இத்தனை காலம் தன் உடம்பு சொன்னதைக் கேட்டே நடந்தவள், அன்றைக்கு அதை நம்பக் கூடாது என்று முடிவு செய்தாள். ரபியா மறுநாள் கொண்டுவந்த கிண்ணத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பினாள். குழந்தை தேறவில்லை என்று பத்தியத்தை நாற்பது நாளோடு விடாமல் நீட்டினார்கள்.

மூன்றாம் மாதம் தொடங்கியபோது குழந்தையின் குரல் கம்மியது. வாயைத் திறந்து, முகம் சிவக்கச் சிவக்க அழும். சத்தம் வராது. பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு காற்று மட்டும் வரும். பூவம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். காலில் உணர்ச்சி இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். கோயிலில் திருநீறு மந்திரித்துப் போட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெயில் சன்னலுக்கு ஏறிய நேரத்தில், குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்து சட்டென்று விறைத்தது. உதடு நீலம் பாரித்தது. துரைசாமி வேலைத்தளத்திலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறந்து எழுபத்தொன்பது நாள். மாரிமுத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தான்.

அதற்குப் பிறகு சமைக்க யாரும் இல்லை. பூவம்மா பாயை விட்டு எழவில்லை. துரைசாமி பொழுது சாயுமுன்பே கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். ரபியாதான் இரண்டு வேளையும் தன் வீட்டுக் கஞ்சியை ஏற்றி வந்து, வள்ளிக்கண்ணுக்கு ஊட்டிவிட்டு இவளையும் எழுப்பி உட்காரவைப்பாள். புழுங்கலரிசியில் பயறும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி.

"எங்க ஆளுகளுக்குப் புழுங்கச் சோறு இல்லாட்டிச் சாப்புட்ட மாதிரியே இருக்காது. வாடை அடிக்குதேன்னு பாக்காத புள்ளே, குடி" என்பாள்.

எதையும் பார்க்கும் நிலையில் பூவம்மா இல்லை. கொடுத்ததைக் குடித்தாள். பத்தாம் நாள், பின்கட்டுக்கு இறங்கிப் போகிறபோது, படியின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரிந்தது. நின்றுவிட்டாள். இன்னொரு காலையும் வைத்துப் பார்த்தாள். தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு காலுக்கு உயிர் வந்திருந்தது.

அவள் சந்தோஷப்படவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அவள் செய்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி அடுப்பு மூட்டினாள். புருஷனுக்கு ஆக்கிய பச்சரிசிச் சோற்றையே கருவாட்டோடு தானும் வேண்டுமென்றே தின்றாள். ஆறாம் வாரம் எறும்பு ஊர்ந்தது. நிறுத்திவிட்டு, ரபியாவிடம் புழுங்கலரிசி வாங்கிப் பொங்கித் தின்றாள். எறும்பு போய்விட்டது. இன்னொரு தடவையும் அப்படியே செய்தாள். இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. கத்திரிக்காய்க்கும் இறாலுக்கும் பார்த்த அதே பார்வைதான், ஆனால் இந்த முறை கண்டுபிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் தின்றதைத்தானே அவன் பாலாகக் குடித்தான், என்று நினைத்தாள். பசித்து அழுதவனுக்கு நான்தானே ஊட்டினேன். கக்கினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேனே.

மார்பில் பால் கட்டிக்கொண்ட வலிகூட அவளுக்கு அப்போது நின்றிருந்தது. நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரைசாமி தெளிவாக இருந்த நேரத்தில், அவன் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காலைப் பற்றி, கஞ்சியைப் பற்றி, இரண்டு முறை தின்று பார்த்ததைப் பற்றி. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். 

"அப்ப நான் வாங்கிப் போட்ட அரிசிதான் எம் புள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்ற."

"அப்டிச் சொல்லலங்க. எனக்கும் அப்பத் தெரியாதே. இனிமே வேணாம்னுதான் சொல்றேன். உங்களுக்கும் வேணாம், வள்ளிக்கும் வேணாம்."

"உனக்கு வேணும்னா தின்னு. புள்ளைக்கும் போடு. எனக்கு எப்பவும் ஆக்குறத ஆக்கு."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து ஒரே அடுப்பில் இரண்டு உலை வைத்தாள். சின்னப் பானையில் புழுங்கலரிசி, அவளுக்கும் மகளுக்கும். பெரிய பானையில் பச்சரிசி, அவனுக்கு. அவன் முன்னைவிட அதிகமாகச் சோறு கேட்டான். குழம்பைத் தொடுவதில்லை, காயை ஒதுக்கிவிடுவான். வெள்ளைச் சோற்றில் ரசத்தை ஊற்றி, கருவாட்டைக் கடித்துக்கொண்டு, யாரோ பந்தயம் கட்டியதுபோல உண்பான். பூவம்மா ஒரு முறை இரண்டு அரிசியையும் கலந்து வடித்தாள். முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். திட்டவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பட்டினியாகவே வேலைக்குப் போனான். அதன்பின் அவள் கலக்கவில்லை. பயறு வேகவைத்த தண்ணீரை ரசத்தில் சேர்த்துப் பார்த்தாள். அவன் ரசத்தையும் நிறுத்திவிட்டான்.

ஒரு வருஷத்துக்குள் அவன் நடை மாறியது. சேற்றில் நடப்பவன்போல முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். பாதம் தரையில் சொத்தென்று விழும். மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே பூவம்மா நாளுக்கு நாள் கணக்கிட்டாள்: முதலில் ஒரு மூச்சில் ஏறுவான், பிறகு நடுவில் ஒருமுறை நின்றான், பிறகு மூன்று முறை. கேட்டால் கல் இடறியது என்பான். செருப்பு சரியில்லை என்பான். அவன் தூங்கும்போது கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்திய இடம் குழியாகவே நிற்கும்.

"உங்க காலப் பாருங்க. கெஞ்சிக் கேக்குறேன், ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் நான் ஆக்குறதத் தின்னுங்க."

"வுடு பூவு" என்று மட்டும் சொல்வான். குரலில் கோபம் இருக்காது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

1909ஆம் வருஷம், ஆனி மாதத்தில், தார் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தவன் எழவில்லை. கூலிகள் கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி வந்து பூவம்மா வள்ளிக்கண்ணை ரபியாவிடம் விட்டுவிட்டு ஓடினாள். நீள வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள். பாதிக்கு மேல் சீனர்கள், எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. அங்கே மருந்து கட்டும் டிரஸ்ஸர் பாலகிருஷ்ணன் தமிழ் ஆள். அவளை ஓரமாக அழைத்துப் பேசினார்.

"பெரிபெரிம்மா, கால் வீங்குற சீக்கு. நெஞ்சுக்கு ஏறிடுச்சு. வூட்ல என்னா அரிசி?"

"அவருக்கு சயாம் பச்சரிசிங்க."

"அதான். இந்தத் தீட்டுன வெள்ளரிசிதான் இந்தச் சீக்கக் கொண்டாருதுன்னு இப்பத்தான் டாக்டருங்க நிச்சயமாச் சொல்றாங்க. இங்க எல்லாத்துக்கும் இனிமே புழுங்கலரிசிதான். கொஞ்சம் முன்னாடித் தெரிஞ்சிருந்தா..."

பூவம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது சரி என்று இந்த ஊரில் முதல் முதலாக ஒருவர் சொல்கிறார். கோட்டுப் போட்டவர் சொல்கிறார். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இதுவரை, எங்கோ ஒரு மூலையில், தான் நினைத்தது பொய்யாக இருக்கலாம், மாரிமுத்து வேறு ஏதோ நோயில் போயிருக்கலாம் என்று ஒரு சின்ன இடம் மிச்சம் இருந்தது. அந்த இடமும் அப்போது அடைபட்டது.

"நல்லதுங்க" என்றாள். 

ஆஸ்பத்திரிச் சோற்றைத் துரைசாமி தொடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் சைகையால் காட்டினார். பூவம்மா தட்டை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புழுங்கல் சோற்றின் வாடை. அவன் கண்ணை மூடியிருந்தான். மூச்சு வாங்கியது.

"பூவு, நீ சொன்ன அன்னிக்கே நான் நம்பிட்டேன்" என்றான்.

அவள் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்புறம் ஏன்?"

"நீ ஆக்குற புழுங்கச் சோத்தப் பாத்தாலே அவன் மொகந்தான் வரும். இதத் தின்னுட்டு நான் மட்டும் நடமாடணுமா? மூட்டைய நாந்தானே தூக்கிட்டு வந்தேன். அந்த மருத்துவச்சி திட்டுறப்ப நாந்தானே கம்முனு நின்னேன்."

உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவன் கேட்டுக் கிடந்தான். அவளுக்கு அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. இத்தனை மாதம் இரண்டு உலையையும் ஏற்றி இறக்கியவள் அவள். அவன் தன்னைத் தண்டித்துக்கொண்டபோது பெரிய பானையைக் கழுவிக் கழுவி எடுத்துக் கொடுத்தவள் அவள். வள்ளிக்கண்ணு ஒருத்தி இருக்கிறாளே, அவளை நினைத்தீர்களா என்று கேட்கக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் கேட்கவில்லை.

"வாயத் தொறங்க" என்றாள்.

திறந்தான். நான்கு கவளம் வாங்கினான். மறுநாள் ஏழு. மூன்றாம் நாள் தட்டுச் சோறு முழுவதையும் தின்றான். வீக்கம் கொஞ்சம் வடிந்ததுபோலத் தெரிந்தது. டிரஸ்ஸர்கூட முகம் மலர்ந்தார். ஐந்தாம் நாள் காலை பூவம்மா வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. விடியும் வேளையில் தண்ணீர் கேட்டு எழுந்து உட்கார்ந்தானாம், அப்படியே சாய்ந்துவிட்டானாம்.

காரியம் முடிந்த பிறகு ரபியா, "இங்கேயே இருந்துக்க. கடையில அரிசி பொடைச்சுக் குடு, அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள். பூவம்மாவால் அந்த மாடிப்படியில் ஏற முடியவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. நடுப்படியில் அவன் நின்று மூச்சு வாங்கும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

செம்பவாங் பக்கம் காட்டை அழித்து ரப்பர் போட்டிருந்தார்கள். மாணிக்கம் என்ற கங்காணி ஆள் தேடி வந்தார். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் வேலை எப்படி, வீடு எப்படி என்று கேட்டார்கள். பூவம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அங்க என்னாங்க அரிசி போடுறாங்க?"

கங்காணிக்குச் சங்கடமாகிவிட்டது. "புழுங்கலரிசிதான் தாயி. கொஞ்சம் வாடையாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். பழகிரும்."

"அப்ப வர்றேங்க" என்றாள்.

அந்தத் தோட்டத்தில் அவள் இருபத்தாறு வருஷம் பால் வெட்டினாள். வள்ளிக்கண்ணுக்கு அங்கேயே கல்யாணம் செய்து வைத்தாள். தோட்டத்தில் படியரிசி புழுங்கல்தான் என்றாலும், யாராவது பிள்ளை பெற்றால் பத்தியத்துக்கென்று கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வெள்ளரிசி வாங்கி வருவார்கள். சேதி கேட்டதும் பூவம்மா அந்த வீட்டுக்குப் போவாள். இதைத் தின்னாதே, அதைத் தின்னு என்று தொடங்க மாட்டாள். பெற்றவளின் பக்கத்தில் உட்கார்ந்து, "கால் எப்டி இருக்கு? எறும்பு ஊருதா?" என்றுதான் கேட்பாள். ஊர்கிறது என்றால் மட்டும் தன் கதையைச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் சில நாள் அழுதுவிடுவாள், சில நாள் அழாமலே சொல்லிவிடுவாள்.

சிலர் கேட்டார்கள். சிலர், பிள்ளையைத் தின்றவள் வாசல்படி மிதிக்கலாமா என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய வீடுகளுக்கு மறுநாளும் போனாள்.